கணக்கு அலுவலகத்தில் ஒரு ரப்பர் வாத்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் அலுவலகத்தில் எல்லா கீபோர்டிலும் பூஜ்ஜியம் மட்டும் அழிந்துபோயிருக்கிறது. முதல் நாள் நான் கவனித்தது அதைத்தான். மற்ற எழுத்துகள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. பூஜ்ஜியம் இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று வெறுமையாக இருக்கிறது.

நீயும் அத்தானும் சுகமா? உங்கள் குட்டி உருண்டைக்குச் சளி விட்டதா? இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். குளிருக்கு அப்பாவின் முதுகு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர் நியாயம் எல்லாம் பேசுகிறார்.

போனில் பேசினால் 'ம்', 'ம்ம்' என்று மட்டும் சொல்கிறாய், அதைக் கேட்பதற்கு நான் எதற்கு, எழுதித் தொலை என்று நீதானே சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரிக் கணக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூன் வரைதான். ஐந்து கல்லூரிகளுக்கும் சேர்த்து இந்த ஒரே அலுவலகம். பழைய கணக்கையெல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாற்றுகிறார்கள். பழையதில் ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கினால்கூட முழ நீளத்துக்கு ஓர் எண் அடிக்க வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எதற்காக என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் துண்டு துண்டாக இருக்கும். பாதிக்கு மேல் பூஜ்ஜியம். புதியதில் அந்த நீள எண் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு டேக். பயணம் போகும்போது பெட்டியில் கட்டித் தொங்கவிடும் அட்டை மாதிரி. 'வேதியியல் ஆய்வகம்' என்ற டேக்கைத் தொட்டால் போதும், அதன் கல்லூரி, துறை, பொறுப்பாளர் எல்லாம் தானாகப் பின்னாலேயே வந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். எல்லோரும் அவருக்கு டேக் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"வீட்டுல ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டா எல்லாரும் வந்து உக்கார்றாங்கல்ல, அந்த மாதிரிதான்" என்று அவர் விளக்கினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் வீட்டில் அப்படித்தானே.

என் வேலை என்னவென்றால், பழைய எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'இது உங்களுடையதா?' என்று அந்தந்தத் துறைக்குப் போன் செய்து கேட்பது. போன்! நீ சிரிப்பது கேட்கிறது. நான் போன் செய்வதில்லை. கேள்வியைச் சீட்டில் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். மறுநாள் போய்ப் பதிலை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தலைமைக் கணக்கர் மூக்கில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியும் வைத்திருப்பவர். "கேட்டியாம்மா?" என்பார். நான் தலையாட்டுவேன்.

அப்படிச் சீட்டு வைக்கப் போனபோதுதான் நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையைப் பார்த்தேன். வாசலில் உள்ளங்கை நீளத்துக்குச் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே நீலப் பாய்களில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. படிக்க வரும் மாணவிகளின் குழந்தைகளாம். அம்மாக்கள் வகுப்பு முடிந்து வரும்வரை ஓர் ஆயா பார்த்துக்கொள்கிறார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. பேசாமல் இருந்தால் நல்ல பெயர் கிடைக்கும் ஒரே இடம்.

படிப்பு ஏறாதவளுக்குக் கல்லூரியில் வேலை என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன்.

உருண்டையின் கன்னத்தை எனக்காக ஒரு தரம் கிள்ளு. மெதுவாக.

சுண்டெலி


ஜனவரி 24

என் வாயாடிச் சுண்டெலிக்கு,

தாளில்தான் வாயாடி என்பதையும் சேர்த்துக்கொள். உன் கடிதத்தை அத்தான் கையிலிருந்து பிடுங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. "உன் தங்கச்சிக்கு இவ்வளவு பேசத் தெரியுமா?" என்கிறார். கல்யாணத்தன்று அவரிடம் நீ சொன்ன ஒரே வார்த்தை 'தள்ளுங்க' என்பதாம். அவர் உன் காலை மிதித்துக்கொண்டு நின்றிருந்தாராம்.

நாங்கள் மூவரும் சுகம். உருண்டைக்குச் சளி விட்டது, அட்டகாசம் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இப்போது சுவரை விட்டுவிட்டு ஓடுகிறாள். அப்பாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். சொன்னால் கேட்கமாட்டார், ஆனாலும் சொல்.

நீ எழுதிய அந்த அறையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த வயதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்? கடைசி வகுப்பு வரைக்கும் இருக்கலாமா? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.

எனக்குப் பாக்கி இருப்பது ஒரே வருஷம். உருண்டை வயிற்றில் இருந்தபோது நிறுத்தினேன். ஒரு வருஷம் நம் வீட்டில் வந்து தங்கி முடித்துவிடலாமா என்று பல நாளாக நினைக்கிறேன். ஆனால் அம்மா பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவையில் இருக்கிறாள். அப்பா குழந்தையைத் தூக்கக் கூடாது. அத்தானுக்கு இங்கே வேலை. இவளை யாரிடம் விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்காருவது என்று அங்கேயே நின்றுவிடும் என் யோசனை. அப்படி ஓர் அறை இருந்தால்தான் நான் வர முடியும், இல்லாவிட்டால் முடியாது. இதை இன்னும் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சீட்டு வைக்கிறேன் என்று உன் சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்! நீ சொன்னாய் என்று சொன்னேன், அதனால். அம்மாவும் சுகம், நானும் சுகம். இனிமேல் அலுவலக முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வந்தால் அப்பா பிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி படிக்கிறார். நல்ல வேளை, போன தடவை முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

ஆயாவிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், வாசலில் போய் நின்றேன்.

"என்னம்மா, குழந்தையை விடணுமா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார்.

"ஐயோ, எனக்கில்லை! எங்க அக்காவுக்கு!"

இந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் சத்தமாகப் பேசியது அதுதான். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அந்தப் பாவம் எனக்கு.

கேட்டுக்கொள். நடக்கத் தெரிந்தால் போதும், எடுத்துக்கொள்வார்களாம். ஐந்து கல்லூரியில் எதில் படித்தாலும் சரி. கடைசி வகுப்பு முடிந்து அம்மா வரும்வரை ஆயா கதவைச் சாத்தமாட்டார். ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் காலி. அங்கே வெயில் கட்டம் கட்டமாக விழுகிறது. உருண்டைக்கு அந்த இடம்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு குறை. மொத்த அறைக்கும் ஒரே ஒரு ரப்பர் வாத்து. விசில் போய்விட்டது. அமுக்கினால் பெருமூச்சு விடுகிறது. ஆனாலும் அதற்குத்தான் சண்டை. புதிதாக ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாக ஆயா சொன்னார்.

என் வேலை நன்றாகப் போகிறது. டேக் போட்டு முடிந்த வரி திரையில் பச்சையாகிவிடும். முடியாதது சிவப்பு. அந்த அறையின் வரி இன்னும் சிவப்புதான். சீட்டு வைத்திருக்கிறேன். சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாகிவிடும் என்கிறார் டேக் மேடம்.

உன் பழைய கட்டிலின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டேன். இப்போது ஆடவில்லை. அம்மா ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

அத்தானுக்கு என் வணக்கம். கால் வலி போய்விட்டது என்று சொல்.

சுண்டெலி


பிப்ரவரி 20

அடி சுண்டெலி,

சொல்லிவிட்டேன். அத்தான் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு யாரு சமைப்பா?"

"நீங்கதான்."

"அதைச் சாப்பிட்டு நான் உயிரோட இருப்பேனா?"

"அது உங்க சமையலைப் பொறுத்தது."

உருண்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு வருஷம்தானே, போய் முடிச்சிட்டு வா" என்றார். விண்ணப்பத்தை அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். நேற்று வெங்காயம் நறுக்கப் பழகினார். வீடே அழுதது.

விண்ணப்பத்தில் 'உள்ளூரில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்று ஒரு கட்டம். அப்பாவைப் போட்டால் பேச்சு சண்டையில் முடியும். அம்மாவைப் பகலில் பிடிக்க முடியாது. அதனால் உன் பெயரையும் உன் அலுவலக எண்ணையும் போட்டிருக்கிறேன். பதறாதே, யாரும் கூப்பிடமாட்டார்கள். சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்பது.

ஜன்னலுக்குக் கீழே இடம் என்று உருண்டையிடம் சொன்னேன். அவள் எங்கள் ஜன்னலைக் காட்டினாள்.

எல்லோரும் சுகமாக இருங்கள். அம்மாவிடம் நீயே மெதுவாகச் சொல்லிவிடு. கட்டிலுக்கு நன்றி.

அக்கா


மார்ச் 8 (தபாலில் போடாதது)

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய். துணிமணி எல்லாம் எடுத்துவைக்கத் தொடங்கியிருப்பாய். அதனால்தான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அந்த அறையின் சிவப்பு மாறவில்லை. சீட்டுகள் திரும்பி வந்துவிட்டன. கட்டடப் பிரிவு 'எங்களுடையது அல்ல' என்று எழுதியிருக்கிறது. நூலகமும் அதையே எழுதியிருக்கிறது. மாணவர் நலப் பிரிவு அதையே எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறது.

பழைய கணக்கில் அந்த அறை மூன்று பேருக்கும் நடுவில் எப்படியோ பிழைத்துக்கொண்டிருந்தது. சுவரும் விளக்கும் கட்டடப் பிரிவின் எண்ணில். ஆயாவின் சம்பளம் மாணவர் நலத்தின் எண்ணில். பாலும் பாயும் பொம்மையும் நூலகத்தின் எண்ணில், ஏனென்றால் கதவு அந்தப் பக்கம் இருக்கிறது. துண்டு துண்டாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. புதியதில் அப்படி முடியாது. ஒரு டேக்குக்குச் சொந்தத் துறை ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒருவர் பொறுப்பாளர். அந்த டேக்கில் எது வாங்கினாலும் அவருடைய திரையில் வந்து நிற்கும், அவர் சரி சொல்ல வேண்டும். சொந்தத் துறை இல்லாத வரி, ஏப்ரல் முதல் தேதி புதிய கணக்குக்கு வராது. பழையதைப் பூட்டிவிடுவார்கள். அதோடு ஆயாவும் இல்லை, அறையும் இல்லை.

"மூணு பேருக்கும் போன் பண்ணு. யாரையாவது ஒத்துக்க வை" என்றார் தலைமைக் கணக்கர், அந்த இரண்டு கண்ணாடி சார். "சீட்டு எழுதிட்டு உக்காராதே." சீட்டு விஷயம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நூலகத்தின் எண்ணைப் போட்டேன். "சொல்லுங்க" என்றது ஒரு குரல். என் வாய் திறக்கவில்லை. "சொல்லுங்க, யாருங்க?" வைத்துவிட்டேன். வகுப்பிலும் இப்படித்தான். எழுந்து நிற்பேன், பதில் தெரியும், வராது.

இன்று சோதனைக்காக எல்லா வரிகளையும் புதியதில் ஏற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் என் சிவப்பு வரிக்காகக் காத்திருந்தார்கள். சொந்தத் துறை என்ற கட்டத்தில் 'கணக்கு அலுவலகம்' என்று அடித்துவிட்டேன். அதாவது நாங்களே. பொறுப்பாளர் தானாகப் பின்னாலேயே வந்துவிட்டார், கண்ணாடி சார். வரி பச்சையாகிவிட்டது. அவரைக் கேட்கவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை.

நாளைக்கு மாற்றிவிடலாம். நாளைக்கு எப்படியும் போன் செய்துவிடுவேன்.

சுண்டெலி


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே மூவரும் நலம்தானே? அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் பழைய போர்வைகளை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். அப்பா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வேலை நன்றாகப் போகிறது. சிவப்பு வரிகள் எல்லாம் பச்சையாகிவிட்டன.

அத்தானின் சமையல் எப்படி இருக்கிறது?

சுண்டெலி


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. உருண்டைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். அழுகிறாள், அப்புறம் சிரிக்கிறாள். அத்தான் நன்றாகவே சமைக்கிறார். இங்கே வெயில் கடுமை.

அந்த அறையைப் பற்றி இனி யாரிடமும் விசாரிக்க வேண்டாம். உனக்கு வேலை இருக்கும்.

அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முதுகு உட்பட. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் உருண்டையின் பல் இருக்கிறது, அத்தான் இருக்கிறார், வெயில்கூட இருக்கிறது. நீ இல்லை. சுண்டெலி என்றும் கூப்பிடவில்லை.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். மார்ச்சில் எழுதிப் போடாமல் விட்டது. அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா? மறுநாள் நான் போன் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாளும் செய்யவில்லை. ஏப்ரல் முதல் தேதி புதிய கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்தில் டொக் டொக்கென்று பூஜ்ஜியம் தட்டும் சத்தம் நின்றுபோனது. போன திங்கட்கிழமை கண்ணாடி சார் தன் இடத்திலிருந்து கேட்டார்.

"யாரும்மா இங்க ரப்பர் வாத்து கேட்டது?"

தன் திரையை இன்னொரு தரம் பார்த்தார்.

"கணக்கு ஆபீஸுக்கு எதுக்கு ரப்பர் வாத்து? நான் குளிக்கிறப்போ மிதக்க விடறதுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். டேக் மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்து மட்டும் இல்லை சார், கீழ பாருங்க. பால் இருக்கு, டயப்பர் இருக்கு. உங்க கையெழுத்துக்குத்தான் வெயிட்டிங்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். சார் மூக்கிலிருந்த கண்ணாடியைத் தலைக்கும் தலையில் இருந்ததை மூக்குக்கும் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"எதுக்கு?"

சீட்டு எடுத்து, 'அந்தக் குழந்தைகள் அறையை யாருமே வேண்டாம் என்றார்கள்' என்று எழுதி நீட்டினேன். படித்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"யாரும் வேணாம்னா என் தலையில கட்டிடுவியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்கு ஆடிட்டுக்கு வந்து கேட்டா என்ன சொல்வேன்? எங்க ஆபீஸ்ல எல்லாரும் கைக்குழந்தைங்கன்னா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான், அக்கா.

மத்தியானமே மூன்று பிரிவுக்காரர்களையும் வரவழைத்துவிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

"சுவர் எங்களோடது சார்" என்றார் கட்டடப் பிரிவுக்காரர். "சுவருக்குள்ள இருக்கிறது எங்களோடது இல்லை."

"ஆயா எங்க ஆளு. அதோட சரி" என்றார் மாணவர் நல அதிகாரி.

நூலகர் அம்மா, "எங்களுக்கு வர்றது சத்தம் மட்டும்தான். படிக்கிற பிள்ளைங்க தினம் வந்து புகார் சொல்றாங்க" என்றார்.

"அப்போ இந்த மாசக் கடைசியோட மூடிடலாமா?" என்றார் சார்.

கட்டடப் பிரிவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இதோ எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே வெயில் விழும் அந்த இடம்தான் நினைவில் வந்தது.

"எங்க அக்கா பொண்ணு அங்க வரப்போறா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் கதவுதான் இருந்தது.

"என்ன வயசு?" என்று நூலகர் அம்மா கேட்டார்.

"ஒன்றரை."

"நடப்பாளா?"

"ஓடுவா."

"அழுவாளா?"

"கத்துவா."

பொய் சொல்ல வரவில்லை, அக்கா. மன்னித்துக்கொள். நூலகர் அம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார், அந்தப் பழைய வாத்து மாதிரியே.

"சத்தம் எப்படியும் எங்களுக்குத்தான் வருது. டேக்கும் எங்களுக்கே இருக்கட்டும்" என்றார்.

அவர் மனசு மாறுவதற்குள் கட்டடப் பிரிவுக்காரர் தன் பேனாவைத் திறந்து நீட்டிவிட்டார். அன்றே டேக்கை மாற்றினோம். சொந்தத் துறை, நூலகம். பொறுப்பாளர், நூலகர். அவரும் தானாகவேதான் பின்னால் வந்தார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு போட்டது.

எல்லோரும் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். "சிவப்பா இருந்தா சிவப்பாவே விடு. பச்சை அடிக்காதே. சிவப்பைப் பார்த்தாத்தான் நாலு பேர் என்னன்னு கேப்பாங்க." சரி என்றேன். வாயால்தான். நான் திரும்பும்போது, "அந்த வாத்துக்கு மட்டும் நான் காலையிலேயே சரி சொல்லிட்டேன். அது வந்துடும்" என்றார்.

அறை இருக்கிறது, அக்கா. ஜன்னலோர இடத்தையும் ஆயா யாருக்கும் கொடுக்கவில்லை. உன் கடிதத்தில் நீ ஏன் இல்லை?

உருண்டையின் பல் நல்லபடியாக முளைக்கட்டும்.

சுண்டெலி


ஏப்ரல் 25

என் சுண்டெலிக்கு,

பல் முளைத்துவிட்டது. முதல் கடி அத்தானுக்கு. மற்றபடி எல்லோரும் சுகம்.

நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் உருண்டைக்கு இடம் சொல்லிவைக்கலாம் என்று கல்லூரிக்குப் போன் செய்தேன். கட்டடப் பிரிவில் எங்களுடையது இல்லை என்றார்கள். நூலகத்தைக் கேட்டால் அவர்களும் அதையே சொன்னார்கள். மாணவர் நலத்திலும் அதேதான். அப்படி ஓர் அறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. என்னை வரவழைக்க நீயே ஓர் அறையைக் கட்டி, ஜன்னல் வைத்து, வெயிலும் விட்டாயோ என்று நினைத்தேன். அதைக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. விண்ணப்பத்தை நிறுத்திவிடுங்கள் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் சேர்க்கைப் பிரிவைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஒரு தரம் நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டால், மறுபடி திறக்க விண்ணப்பத்தில் இருக்கும் உள்ளூர் ஆள் உறுதி சொல்ல வேண்டுமாம். குழந்தையோடு வருகிறவர் என்பதால் எங்கே தங்குவார், குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்று அங்கே இருக்கிறவர் வாயால் சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்களாம். முப்பதாம் தேதி மாலை வரைதான் நேரம். அந்த ஆள் யார் என்று உனக்குத் தெரியும். யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று நான்தான் எழுதினேன். கூப்பிடத்தான் வேண்டும் என்று வந்து நிற்கிறது.

நீ கூப்பிட வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். அத்தனை பேர் நடுவில் நீ வாய் திறந்ததே எனக்குப் போதும். இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கிறதோ. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அறைதான் ஓடிப்போகாதே.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அப்பா ஏணியிலிருந்து விழுந்த மாதம், இரண்டு பேரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று அம்மா வாய் திறப்பதற்கு முன்பே, எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று நீ சொன்னாய். தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாய். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாய். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று உனக்குத் தெரியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் உன்னை விசாரித்தார்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமா? அத்தானின் விரல் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். அம்மா போர்வைகளை மறுபடியும் வெயிலில் போட்டாள். புது வாத்து வந்துவிட்டது. மஞ்சள் நிறம். இதற்கு விசில் இருக்கிறது. நூலகர் அம்மாவும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார்.

அந்தத் தட்டில் பிசுக்கு இருந்தது, அக்கா. அதனால்தான்.

சேர்க்கைப் பிரிவிலிருந்து உனக்கு ஒரு படிவம் வரும். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. சிவப்புக் கோடு போட்ட இடத்தில் எல்லாம் போட வேண்டும்.

உன் கடிதம் முப்பதாம் தேதி மத்தியானம் வந்தது. சேர்க்கைப் பிரிவு ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. பஸ் பிடித்துப் போய்ச் சீட்டு வைக்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். போய்ச் சேர்வதற்குள் மூடிவிடுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கண்ணாடி சார் தலையில் இருந்த கண்ணாடியை மேசையில் தேடிக்கொண்டிருந்தார். டேக் மேடம் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் இருந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனை என் பக்கம் இழுத்தேன்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன்.